வேலையில் இருந்துகொண்டே சமூக ஊடகங்களைப் பற்றி வலைப்பதிவு எழுதுவது எப்படி

முழுநேர வேலையில் இருந்துகொண்டு சமூக ஊடகங்களைப் பற்றித் தனிப்பட்ட வலைப்பதிவு ஒன்றை நடத்த விரும்புகிறவர்கள், எதையெல்லாம் எழுதாமல் விடப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இந்தத் துறையில் நாள்தோறும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் ஜூலை மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாதத்தின் முதல் வாரத்தில் மெட்டா நிறுவனம் திரெட்ஸ் செயலியை வெளியிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் ட்விட்டர் தன் பெயரை எக்ஸ் என்று மாற்றிக்கொண்டு, அடையாளமாக இருந்த நீலக் குருவியையும் கைவிட்டது. இப்படிப்பட்ட செய்திகளைச் சில நிமிடங்களுக்குள் எழுதி வெளியிடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற செய்தியாளர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பி, வீட்டு வேலைகளை முடித்துவிட்டு மடிக்கணினியைத் திறக்கிறவர் அவர்களை முந்த முடியாது. முந்த முயன்றால் அரைகுறையாகத்தான் எழுத முடியும்; நான்கைந்து மாதங்களில் அலுத்துப்போய் நிறுத்தவும் நேரும்.

அதே பெயர்மாற்றம் நடந்து ஓராண்டு கழிந்த பிறகு, மக்கள் தங்கள் பேச்சில் 'ட்வீட்' என்ற சொல்லை விட்டுவிட்டார்களா, தமிழில் புழங்கிவந்த 'கீச்சு' என்னவாயிற்று, நிறுவனங்களின் விளம்பரங்களில் பழைய குருவிச் சின்னம் எத்தனை இடங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் திரும்பி வந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. வேலையில் இருப்பவருக்குத் தாமதம் தவிர்க்க முடியாதது என்பதால், தாமதத்தால் கெட்டுப்போகாத, சொல்லப்போனால் தாமதத்தால் செறிவு பெறுகிற பொருள்களையே அவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நேரம், பணி விதிகள், ஆதாரங்களைச் சேமிப்பது ஆகியவற்றைப் பற்றிக் கீழே சொல்லப்படும் யோசனைகள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து பிறந்தவைதான். ஒரு தலைப்பு மனத்தில் தோன்றியவுடன், 'இதை மூன்று வாரம் கழித்து வெளியிட்டாலும் ஒருவர் படிப்பாரா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். படிக்கமாட்டார் என்று தோன்றினால் அதை மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

தலைப்புகளைத் தேடுவது

மெதுவாக எழுதுபவருக்கு ஏற்ற பொருள்கள் ஏராளமாக உள்ளன. வசதிகள் தோன்றி மறையும் கதை அவற்றில் ஒன்று. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் இடுகைகளை 2013-இல் ஸ்னாப்சாட் 'ஸ்டோரி' என்ற பெயரில் கொண்டுவந்தது. 2016-இல் இன்ஸ்டாகிராம் அதைத் தானும் எடுத்துக்கொண்டது. ட்விட்டர் 2020 நவம்பரில் 'ஃப்ளீட்ஸ்' என்ற பெயரில் அதையே எல்லோருக்கும் வழங்கிவிட்டு, 2021 ஆகஸ்ட் மாதத்திலேயே நிறுத்திவிட்டது. ஓரிடத்தில் வேரூன்றிய வசதி இன்னோரிடத்தில் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்காமல் போனது ஏன் என்பது அன்றைய செய்தியில் அடங்காத கேள்வி. அதைக் கேட்பதற்கு வாரக்கணக்கில் யோசிக்கும் ஒருவர்தான் தேவைப்படுகிறார்.

பயனாளர் விதிமுறைகளும் உதவிப் பக்கங்களும் இன்னொரு நல்ல சுரங்கம். வலைப்பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின் 2001-ஆம் ஆண்டிலிருந்து பொதுமக்களின் பயன்பாட்டில் இருக்கிறது. அதில் ஒரு தளத்தின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் முகவரியை இட்டு, ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு பிரதிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்தச் சொற்றொடர் புதிதாக நுழைந்தது, எந்த வாக்குறுதி சத்தமில்லாமல் காணாமல் போனது என்பது தெரியும். மெட்டாவின் விளம்பர நூலகமும் அப்படித்தான். கணக்கே இல்லாதவர்கள்கூட அதைத் திறந்து, ஒரு நிறுவனம் இப்போது ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓட்டிக்கொண்டிருக்கும் விளம்பரங்களைப் பார்க்கலாம். இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கும் ஆதாரங்கள் இவை. யாரையும் தொலைபேசியில் அழைத்து நேரம் கேட்க வேண்டியதில்லை என்பதால், பகலில் வேலைக்குப் போகிறவருக்கு மிகவும் பொருந்துகின்றன.

நம் மொழியிலிருந்தே பிறக்கும் தலைப்புகளையும் மறந்துவிடாதீர்கள். 'தமிழ்' என்ற சொல்லை நாம் மூன்று எழுத்துகளாக எண்ணுகிறோம். கணினியோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகளாக எண்ணுகிறது. ட்விட்டரின் எழுத்து வரம்பு 2017 நவம்பரில் 140-லிருந்து 280 ஆக உயர்த்தப்பட்டபோது, தமிழில் எழுதுகிறவர்களுக்கு உண்மையில் எவ்வளவு இடம் கிடைத்தது என்பதை நாம்தான் எண்ணிச் சொல்ல முடியும். உங்கள் பழைய கீச்சுகளில் பத்தை எடுத்து, நம் கணக்கில் எத்தனை எழுத்து, கணினியின் கணக்கில் எத்தனை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு பதிவுக்கான பொருள் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

வேலைக்கும் வலைப்பதிவுக்கும் இடையே வேலி

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் இங்கே செய்யும் பிழை வலைப்பதிவோடு நிற்காமல் பிழைப்பையும் தொட்டுவிடும். அமெரிக்காவைச் சேர்ந்த ஹெதர் ஆம்ஸ்ட்ராங் தம் வலைப்பதிவில் பணியிடத்தையும் உடன் பணியாற்றியவர்களையும் பற்றி எழுதியதற்காக 2002-இல் வேலையை இழந்தார். அவருடைய தளத்தின் பெயரான 'டூஸ்' என்பது, வலைப்பதிவால் வேலை போவதைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. அவர் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பதிவரானார் என்பது உண்மைதான், ஆனால் எல்லோருக்கும் அப்படி அமைந்துவிடாது.

பணி நியமனக் கடிதத்தையும் நிறுவனத்தின் நடத்தை விதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, நான்கு செய்திகளைத் தேடிப் படியுங்கள். வெளியில் வேறு பணி செய்யலாமா, அதற்கு எழுத்துமூலமான அனுமதி தேவையா என்பது முதலாவது. பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்கும் படைப்புகளின் உரிமை யாருக்கு என்பது இரண்டாவது. சில ஒப்பந்தங்களில் இந்த விதி அலுவலக நேரத்திற்கு வெளியே எழுதியவற்றையும் உள்ளடக்கும் அளவுக்கு அகலமாக எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது, ரகசியம் காக்கும் பிரிவு. நான்காவது, ஊழியர்களின் சமூக ஊடகப் பயன்பாடு பற்றித் தனியாக ஏதேனும் விதி இருக்கிறதா என்பது. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு நடத்தை விதிகள் தனியாகவும் கடுமையாகவும் இருப்பது வழக்கம் என்பதால், அவர்கள் அந்த விதிகளைப் படிக்காமல் ஒரு வரிகூட வெளியிடக் கூடாது.

விதிகளில் தெளிவில்லை என்றால், ஒளித்து எழுதுவதைவிடச் சொல்லிவிட்டு எழுதுவதே நிம்மதி. மேலாளருக்கோ மனிதவளத் துறைக்கோ நீண்ட விளக்கம் எழுத வேண்டியதில்லை. கீழ்க்கண்டது போன்ற சில வரிகள் போதும்.

'அலுவலக நேரத்திற்கு வெளியே, என் சொந்தக் கணினியில், சமூக ஊடகங்களின் பொதுவான பயன்பாடு குறித்து ஒரு தனிப்பட்ட வலைப்பதிவு எழுத எண்ணியுள்ளேன். அதில் நமது நிறுவனம், வாடிக்கையாளர்கள், உடன் பணியாற்றுவோர் பற்றி எதுவும் இடம்பெறாது. தற்போது அதிலிருந்து வருமானம் ஏதும் இல்லை. அந்நிலை மாறினால் முன்கூட்டியே தெரிவிப்பேன். பணி விதிகளின்படி இதற்குத் தடை ஏதும் இருப்பின் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

இதற்கு வரும் பதிலைச் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி அனுப்பி வைத்துக்கொள்ளலாமா என்பதையும் விதிகளைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். கூடாது என்றால் தேதியையும் பதிலளித்தவரின் பதவியையும் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

புனைபெயரில் எழுதினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். புனைபெயர் அழகானது, எழுதும்போது ஒரு விடுதலையைத் தருவது; பாதுகாப்புக்காக மட்டும் அதை நம்பியிருப்பது ஆபத்தானது. நீங்கள் அடிக்கடி கையாளும் சொல், பதிவுகள் வெளியாகும் நேரம், ஒரு திரைப்பிடிப்பின் (ஸ்கிரீன்ஷாட்) மூலையில் தெரியும் பெயர், படக்கோப்பில் ஒட்டியிருக்கும் விவரங்கள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஒருநாள் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் பெயர் வெளிப்பட்டாலும் கூசாமல் நிற்கக்கூடிய எழுத்தையே புனைபெயரிலும் எழுதுங்கள். அதேபோல, 'இவை என் சொந்தக் கருத்துகள்' என்ற அறிவிப்பைப் பக்கத்தின் அடியில் போடுவது நல்ல பழக்கம், ஆனால் அந்த ஒரு வரி ரகசியத்தை வெளியிட்ட குற்றத்திலிருந்து யாரையும் காப்பாற்றாது.

சமூக ஊடகப் பக்கங்களை நிர்வகிப்பதே உங்கள் வேலையாக இருந்தால் வேலி இன்னும் உயரமாக இருக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளரின் பக்கத்தில் எந்த இடுகை எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பது உங்கள் திரையில் தெரிகிறது என்பதாலேயே அது உங்கள் சொத்தாகிவிடாது. பெயரை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் எழுதுகிறேன் என்பதும் போதாது. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எண்ணைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் ஒருமுறை 'ஒரு பக்கத்தில் நடந்தது' என்று மூன்று வரிகள் எழுதினேன். மறுநாள் காலையில் பக்கத்து இருக்கையில் இருந்தவர், அது எந்தப் பக்கம் என்று தமக்குத் தெரியும் என்றார். அவர் அன்போடுதான் சொன்னார். அன்று மதிய இடைவேளைக்குள் அந்த வரிகளை நீக்கிவிட்டேன். அதிலிருந்து, வெளியிலிருந்து எவரும் பார்த்து அறியக்கூடியதை மட்டுமே எழுதுவது என்ற விதியை வைத்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகக் கடவுச்சொல் இல்லாமல் பார்க்க முடியாத எதுவும் வலைப்பதிவுக்குள் வராது.

கருவிகளையும் பிரித்து வையுங்கள். அலுவலகக் கணினியில் வரைவு எழுதாதீர்கள், அலுவலக இணைப்பில் வெளியிடாதீர்கள், வேலை நேரத்தில் தானாக வெளியாகும்படி பதிவுகளை முன்கூட்டி அமைத்தும் வைக்காதீர்கள். அது தானாக வெளியானது என்பதைப் பிறகு விளக்கிக்கொண்டிருக்க நேரிடும். காலை ஆறு மணிக்கோ விடுமுறை நாளிலோ வெளியிடுவதில் எந்த இழப்பும் இல்லை.

பார்ப்பதற்கும் மேய்வதற்கும் உள்ள வித்தியாசம்

செடிகளைப் பற்றி எழுதுகிறவர் தோட்டத்திற்குப் போனால் அரை மணியில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பலாம். நமக்கு வாய்த்த களமோ நம்மைத் திரும்ப விடாதபடி கட்டப்பட்ட களம். பக்கத்தின் முடிவு என்பதே இல்லாமல் கீழே கீழே நீளும் முறையை 2006-இல் வடிவமைத்த ஏஸா ராஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். 'ஆராய்ச்சிக்காகப் பார்க்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் விரலால் தள்ளிக்கொண்டிருந்துவிட்டு, எழுதுவதற்கு நேரமில்லை என்று படுக்கப்போவதுதான் இந்தப் பொருளில் எழுதுகிறவர்களுக்கு நேரும் முதன்மையான இடர். நான் அதில் பல மாலைகளை இழந்திருக்கிறேன்.

இதற்கு நான் கண்ட வழி, செயலியைத் திறப்பதற்கு முன்பு ஒரு கேள்வியைத் தாளில் எழுதிவிடுவது. கேள்வி இல்லாமல் திறப்பதில்லை. விடை கிடைத்ததும் மூடிவிட வேண்டும். பார்ப்பதற்கென்று தனி உலாவியோ, உலாவிக்குள் தனிக் கணக்கோ வைத்துக்கொண்டால், நண்பர்களின் செய்திகளும் அறிவிப்புகளும் குறுக்கிடாது.

ஒரு மாதிரியைக் காட்டுகிறேன். இன்ஸ்டாகிராம் 2016-இல் கால வரிசையைக் கைவிட்டு, எதை முதலில் காட்டலாம் என்பதைத் தானே கணிக்கும் முறைக்கு மாறியது. 2022 மார்ச்சில், நாம் பின்தொடரும் கணக்குகளின் இடுகைகளை மட்டும் கால வரிசையில் காட்டும் தெரிவு ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்தது. 'வழக்கமான முகப்பில் நான் பின்தொடரும் மனிதர்களுக்கு எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது?' என்பது உங்கள் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் ஒரே நேரத்தில் செயலியைத் திறந்து, முதல் இருபது இடுகைகளை மட்டும் எண்ணுங்கள். ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வரைந்து, நாளும் நேரமும், நான் பின்தொடரும் கணக்கின் இடுகை, பரிந்துரை, விளம்பரம் என்று தலைப்பிட்டு, பார்க்கப் பார்க்கக் கோடு கிழித்துக்கொண்டே போங்கள். இருபதாவது கோடு விழுந்ததும் செயலியை மூடுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது. மூன்று வாரத்தில் நானூறுக்கு மேற்பட்ட இடுகைகளின் கணக்கு கையில் இருக்கும். ஒரு கணக்கில், ஒரே ஆள் பார்த்தது என்பதால் அதை எல்லோருக்கும் பொதுவான முடிவாக எழுதக் கூடாது. 'என் முகப்பில் இப்படி இருந்தது, இன்னின்ன நாள்களில், இந்த முறையில் எண்ணினேன்' என்று முறையையும் சேர்த்து எழுதினால், படிக்கிறவர் தம் முகப்பில் எண்ணிப் பார்த்துத் தம் கணக்கைச் சொல்வார். அப்படி வரும் மறுமொழிதான் அடுத்த பதிவுக்கு விதை.

வாரத்தை எப்படிப் பிரிப்பது

இரண்டு வாரத்திற்கு ஒரு பதிவு என்பது வேலையில் இருப்பவருக்கு நிலைக்கக்கூடிய வேகம். வாரநாள்களில் இருபது நிமிடம் மட்டும் ஒதுக்கி, அதில் எழுதாமல் பொருளைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எண்ணுவது, ஒரு பழைய பக்கத்தைத் தேடி எடுப்பது, ஒரு திரைப்பிடிப்பைச் சேமிப்பது போன்றவை களைத்த மூளைக்கும் இயலும். வாக்கியம் அமைப்பது இயலாது. அதற்கு விடுமுறை நாளில் இரண்டரை மணி நேரம் தொடர்ச்சியாக வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் அந்த நேரத்தை முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் எடுத்துக்கொள்ளும் நேரம் மனக்கசப்பில்தான் முடியும். முதல் வார இறுதியில் வரைவு, இரண்டாம் வார இறுதியில் திருத்தமும் வெளியீடும் என்று வைத்துக்கொண்டால், இடையில் கிடக்கும் ஏழு நாளில் பிழைகள் தாமாகவே கண்ணில் படும்.

தொடங்குவதற்கு முன்பே மூன்று பதிவுகளை முடித்து வைத்துக்கொள்வது மிக அவசியம். அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கு முடிக்கும் காலம் வரும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஒன்றுமில்லாமலே சோர்வும் வரும். கையிருப்பு இருந்தால் வலைப்பதிவு அந்த வாரங்களைத் தாண்டிவிடும்.

ஆதாரம் கரைந்துபோகும் களம்

நம் பொருளுக்கே உரிய இன்னொரு சிக்கல், நாம் சுட்டிக்காட்டும் சான்றுகள் நாளைக்கு இருக்கமாட்டா என்பது. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பரோடு மூடப்பட்டது. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில் போயிற்று. ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் ஃபேஸ்புக் இடுகைகளின் பரவலை அறியப் பயன்படுத்திவந்த கிரவுட்டேங்கிள் கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. தளம் இருந்தாலும் இடுகை இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. என் தொடக்க காலப் பதிவு ஒன்றில் ஏழு கீச்சுகளை, ட்விட்டரிலிருந்தே நேரடியாக வந்து தெரியும்படி, அப்படியே உட்பொதித்திருந்தேன். இரண்டாண்டு கழித்து ஒரு வாசகர் சொல்லித்தான் திறந்து பார்த்தேன். ஐந்து இடங்களில் வெற்றுப் பெட்டி மட்டுமே இருந்தது, அதற்குக் கீழே 'மேலே உள்ளதைக் கவனியுங்கள்' என்று நான் எழுதியிருந்தேன்.

ஆகவே உட்பொதிப்பதை நம்பாமல், தேவையான வாசகத்தை உங்கள் சொற்களில் விவரித்தோ மேற்கோளாக எடுத்தெழுதியோ விடுங்கள். ஒவ்வொரு சான்றுக்கும் திரைப்பிடிப்பு ஒன்றை எடுத்து, கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள், தளத்தின் பெயர் ஆகியவற்றை அந்த வரிசையில் இட்டுச் சேமியுங்கள். அப்படி இட்டால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். அதே பக்கத்தை வேபேக் மெஷினிலும் சேமிக்கச் சொல்லி, கிடைக்கும் முகவரியை உங்கள் குறிப்பில் எழுதி வையுங்கள். உள்நுழைந்தால்தான் தெரியும் பக்கங்களை அது சேமிக்காது என்பதால், அங்கே உங்கள் திரைப்பிடிப்பு மட்டுமே மிஞ்சும்.

திரைப்பிடிப்பைச் சேமிப்பது வேறு, வெளியிடுவது வேறு. ஐம்பது பேர் பின்தொடரும் ஒருவர் கோபத்தில் எழுதிய வரியை உங்கள் வலைப்பதிவில் பெயரோடு போட்டால், அவர் ஒருபோதும் நினைத்துப் பாராத கூட்டத்தின் முன்னால் அவரை நிறுத்துகிறீர்கள். பொது வாழ்வில் இருப்பவர், நிறுவனம், அரசு அமைப்பு ஆகியோரின் பொதுவான இடுகைகளைப் பெயரோடு எடுத்தாளலாம். மற்றவர்களுடையதைப் பெயரும் படமும் மறைத்து, முடிந்தால் கேட்டுவிட்டு வெளியிடுங்கள். பெயரை மறைத்தாலும் முழு வாக்கியத்தையும் தேடுபொறியில் இட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் கருத்தை மட்டும் சொல்வதே பெரும்பாலும் சிறந்தது. மூடிய குழுக்களிலும் வாட்ஸ்அப்பிலும் பார்த்ததை எடுத்து எழுதக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

எங்கே எழுதுவது

பிளாகர் 1999-இலிருந்தும் வேர்ட்பிரஸ் 2003-இலிருந்தும் இருக்கின்றன. இரண்டிலுமே செலவில்லாமல் தொடங்கலாம், இரண்டிலிருந்தும் பதிவுகளை மொத்தமாகக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று மாதக்கணக்கில் யோசிக்காதீர்கள். தளங்களின் மறைவைப் பற்றி எழுதப்போகும் ஒருவர், தம் எழுத்தைச் சமூக ஊடகத் தளத்திலேயே மட்டும் வைத்திருப்பது பொருந்தாது என்பதுதான் முக்கியம். சொந்தமாக ஒரு களப்பெயரை (தளத்தின் இணைய முகவரியாக அமையும் பெயரை) வாங்கி அதை வலைப்பதிவோடு இணைத்துக்கொண்டால், நாளை தளம் மாறினாலும் முகவரி மாறாது. மாதத்திற்கு ஒருமுறை எல்லாப் பதிவுகளையும் இறக்கி வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய பதிவுகளை வாசகரின் படிப்பான் செயலிக்கே கொண்டுசேர்க்கும் செய்தியோடை (ஆர்எஸ்எஸ்) வசதி இயங்குகிறதா என்றும் பாருங்கள். அப்படிப்பட்ட படிப்பானாக இருந்த கூகிள் ரீடர் 2013-இல் மூடப்பட்டாலும், ஓடை வழியாகப் படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் பொறுமையோடு படிப்பவர்கள்.

களப்பெயரைப் பதியும்போது எக்காரணம் கொண்டும் அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். நாள் முழுவதும் திறந்து வைத்திருக்கும் பெட்டி அதுதான், நினைவூட்டல் தவறாமல் கண்ணில் படும் என்று எண்ணினேன். வேலை மாறியபோது அந்தப் பெட்டி மூடப்பட்டது. புதுப்பிக்க வேண்டும் என்ற நினைவூட்டல்களெல்லாம் யாரும் திறக்காத இடத்திற்குப் போய்க்கொண்டிருந்தன. வலைப்பதிவு திறக்கவில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னபோது, காலாவதியான பெயர்களை மீட்டுக்கொள்வதற்கான 30 நாள் அவகாசத்தில் பாதி போயிருந்தது. வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு செலுத்தித்தான் அதைத் திரும்பப் பெற்றேன். சொந்த மின்னஞ்சல், அதோடு நாள்காட்டியில் புதுப்பிக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பாக ஒரு குறிப்பு ஆகிய இரண்டும் இருந்தால் இந்தத் துன்பம் வராது.

வாசகர்களும் வருமானமும்

பதிவை வெளியிட்டதும் அதன் சுட்டியைச் சமூக ஊடகங்களில் பகிர்வது தேவைதான். பகிரும்போது சுட்டியை மட்டும் வீசிவிட்டுப் போகாமல், பதிவில் கண்டறிந்த செய்தி ஒன்றை இரண்டு வரியில் முழுமையாகச் சொல்லிவிட்டு, விரிவாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குச் சுட்டியைக் கொடுங்கள். அன்றிரவே எத்தனை பேர் வந்தார்கள் என்று மணிக்கொருமுறை பார்ப்பதைத் தவிர்க்க, எண்ணிக்கைப் பக்கத்தை மாதத்தின் முதல் நாள் மட்டும் திறப்பது என்று வைத்துக்கொள்ளலாம். மெதுவாக எழுதிய பதிவுகளுக்கு வாசகர்கள் தேடுபொறி வழியாக மெதுவாகத்தான் வருவார்கள். முதல் நாள் எண்ணிக்கை அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மறுமொழிகளுக்கு வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்து பதில் எழுதுங்கள். அலுவலக இடைவேளையில் கைபேசியில் எழுதும் பதில்தான் பெரும்பாலும் சண்டையாக முடிகிறது.

வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தின் வழியே சிறு தொகை வந்தாலும், உங்கள் பொழுதுபோக்கு பணி ஒப்பந்தத்தின் பார்வையில் இரண்டாம் தொழிலாகிவிடலாம். வரிக் கணக்கிலும் அதைக் காட்ட வேண்டிவரும். ஒரு நிறுவனம் கருவியையோ சேவையையோ இலவசமாகக் கொடுத்து எழுதச் சொன்னால், அதைப் பதிவின் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இந்தக் கடமை வலைப்பதிவர்களுக்கும் உண்டு என்பதை 2009-இலேயே தன் வழிகாட்டுதலில் தெளிவுபடுத்தியது. வேறு பல நாடுகளிலும் இதுபோன்ற விதிகள் உள்ளன. உங்கள் அலுவலகத்தோடு வணிகத் தொடர்புள்ள நிறுவனத்திடமிருந்து எதையும் வாங்காமல் இருப்பதே நல்லது.

பழைய பதிவுகளைப் பராமரிப்பது

ஆண்டுக்கு இருமுறை, புதிதாக எதுவும் எழுதாமல், பழைய பதிவுகளைத் திறந்து பார்ப்பதற்கென்றே ஒரு விடுமுறை நாளைச் செலவிடுங்கள். இறந்துபோன சுட்டிகளுக்குப் பதிலாக வேபேக் மெஷினில் சேமித்த முகவரிகளை இடுங்கள். தகவல் மாறியிருந்தால் பழைய வரியை அழித்துவிட்டுப் புதியதை எழுதாதீர்கள். அன்று அது சரியாகவே இருந்தது, அந்தச் சரித்திரமும் வாசகருக்கு வேண்டும். ஒரு பதிவில் 'ட்விட்டரில் யார் எதற்கு விருப்பம் இட்டார்கள் என்பதை எவரும் பார்க்கலாம்' என்று எழுதியிருந்தீர்கள் என்றால், அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, பதிவின் தலைப்புக்குக் கீழே இப்படி ஒரு குறிப்பைச் சேர்த்தால் போதும்: 'திருத்தம், 2024 ஜூன்: எக்ஸ் தளம் விருப்பங்களை மற்றவர்களின் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது. கீழே உள்ள மூன்றாம் பத்தி அதற்கு முந்தைய நிலையை விவரிக்கிறது.'